இழுவைக் கணக்கு

டீசல் வண்டிக்குப் பதினோராயிரம் டாலர் கூடுதல்.
அதைச் சொல்லும்போது மட்டும் லைல் கெஸல்
குரலைத் தாழ்த்திக்கொண்டான்,
சாவு வீட்டில் கடன் கேட்பவன்போல.
ஓரின் பேசவில்லை.
பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றான்.
எனக்குத் தெரியும்,
அவன் கையெழுத்து அதுதான்.

எங்கள் பழையதும் டீசல்.
வயோமிங்கின் இருபத்திரண்டு குளிர்காலம் பார்த்தது.
ராத்திரிதோறும் அதன் மூக்கில் மின்கம்பி செருகவேண்டும்,
நோயாளிக்குக் குளுக்கோஸ் ஏற்றுவதுபோல.
மறந்தால் தொலைந்தது:
மைனஸ் முப்பதில் எரிபொருள் கூழாகிவிடும்.
அந்தக் காலைகளில்
பக்கத்துப் பண்ணை மார்வாவின் பெட்ரோல் பிக்கப்
ஒரே இருமலில் கிளம்பிப் போகும்.
ஓரின் அதைப் பார்க்காத மாதிரி பார்ப்பான்.

ஆனால் கணவாயில் கதை வேறு.
பதினான்கு மாடு, அவற்றின் சாணி, பயம்,
டிரெய்லரின் இரும்பு,
எல்லாம் சேர்ந்து பதினாறாயிரம் பவுண்டு.
ஏற்றத்தில் பெட்ரோல் எஞ்சின் ஊரைக் கூட்டும்.
டீசல் முனகும், அவ்வளவுதான்.
இறக்கத்தில்தான் அதன் அருமை:
பிரேக்கில் கால் படாமலே
தன் மூச்சைத் தானே அடக்கி
அத்தனை பாரத்தையும்
பின்னங்கழுத்தில் பிடித்துவைத்துக்கொள்ளும்.

மார்வாவின் தம்பி டுவேன்
சக்கரமெல்லாம் புகைய
சரளை மேட்டில் ஏற்றி நிறுத்திய நாளில்
நாங்கள் இரண்டு வளைவு பின்னால் வந்துகொண்டிருந்தோம்.
அவனுக்கு ஒன்றுமில்லை. மாடுகள்தான் கத்திக்கொண்டிருந்தன.
அதன் பிறகு எங்கள் வீட்டில்
பெட்ரோல் என்ற சொல்
புல்வெட்டும் இயந்திரத்துக்கு மட்டும்.

வீடு திரும்பி
மின்சார பில்லின் முதுகில் கோடு கிழித்தேன்.
ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் மைல்.
சுமையோடு போனால்
டீசலுக்கு கேலனுக்குப் பன்னிரண்டு, பெட்ரோலுக்கு எட்டு.
கேலன் விலையில் டீசல் எழுபது சென்ட் அதிகம்.
எல்லா மைலும் சுமையோடு என்றே வைத்துக்கொண்டாலும்
அந்தப் பதினோராயிரம் திரும்பிவரப்
பன்னிரண்டு வருஷம்.
அதற்குமேல் நீலத் தண்ணீர் ஒரு தொட்டி,
வடிகட்டி இரண்டு,
ஆயில் மாற்றினால் இரண்டு மடங்கு.

‘யானை வாங்கினவன் அங்குசத்துக்கு அழுவானா?’
பூட்ஸைக் கழற்றிக்கொண்டே ஓரின் கேட்டான்.
அவன் அழமாட்டான்.
கணக்கு எழுதுகிறவள் அழுவாள்.

‘சுமையோடு எத்தனை மைல்?’ என்றேன்.

சாதாரணக் கேள்விதான்.
அந்தக் கட்டத்தை நிரப்பாமல்
அடுத்த வரிக்குப் போகமுடியாது.
ஆனால் அவன் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான்.

இரண்டு கோடை மழையில்லை.
வைக்கோல் விலை எங்களைக் கேட்டுக்கொண்டு ஏறவில்லை.
போன அக்டோபரில்
பன்னிரண்டு நடையாக மந்தையை ஏலத்துக்குக் கொண்டுபோனோம்.
கடைசி நடையில் திரும்பும்போது
காலி டிரெய்லர் தகரம் தகரமாய்ச் சத்தம் போட்டது.
ரேடியோவைக் கூட்டி வைத்தான்.
இப்போது கொட்டிலில்
ஆண்குதிரை இரண்டு, காயடித்தவை,
ஒன்றுக்கு முழங்கால் வலி.

விரல் விட்டு எண்ணினான்:
குதிரை வைத்தியர். வைக்கோல். மறுபடி வைக்கோல்.
பஃபலோ ஊர்ச் சந்தை, போனால்.
‘மூவாயிரம்’ என்றான்.
காபி ஆறிய பிறகு,
‘இரண்டாயிரத்து ஐந்நூறு.’

நான் எழுதினேன். அதன்கீழ்
கூட்டிப் பார்க்கவே தேவையிருக்கவில்லை.

லைலுக்கு அவனே போன் செய்தான்.
பெட்ரோல், என்றான். வெள்ளை நிறம் இருந்தால் போதும்.
பழையதை எடுத்துக்கொள்ள
வியாழக்கிழமை ஆள் வருகிறது.

இன்று புதன்.
படுக்கப்போகும் முன் கோட்டை மாட்டிக்கொண்டு
முற்றத்தில் இறங்கினான்.
பனியில் டார்ச் வெளிச்சம் தள்ளாடிப் போய்
வண்டியின் முகத்தருகே குனிந்தது.
விற்றுவிட்ட வண்டிக்கு
மின்கம்பியைச் செருகிவிட்டுத் திரும்பினான்.

ராத்திரி ஒன்றுக்கு ஒரு டாலர் இருபது சென்ட்.
எழுதி வைத்தேன்.