ஐந்தாவது அறை

வெள்ளவத்தை. எங்கள் அடுக்குமாடியின் நிலக்கீழ்த் தரிப்பிடம்,
இலக்கம் பதினான்கு.
கார் நிற்க வேண்டிய இடத்தில்
படகு நிற்கிறது.
அடி மட்டும் கட்டி. சுற்றிவர எல்லாம் காற்று,
ஐந்து அறைகளில் அடைத்த காற்று.

கொமிட்டிக் கடிதம் மூன்றாம் தரம் வந்திருக்கிறது:
"மேற்படி பொருள் வாகனம் அன்று."
சரிதான்.
டிரெயிலருக்கு ஓர் இலக்கம். படகுக்கு வேறு இலக்கம்,
வேறு கந்தோர், வேறு வரிசை.
சொந்தம் என்றால் கையெழுத்து என்று
வாங்கின பிறகுதான் விளங்கியது.

கழித்து ஏலம் விட்டது.
பஞ்சிகாவத்தையில் ரயர்க் கடை வைத்திருப்பவன்
ரப்பரை நம்பி வாங்கினேன்.
ரப்பர் என்னை நம்பவில்லை.
ஐந்தாவது அறை கசிகிறது.
சவர்க்கார நுரை பூசினேன், குமிழி இல்லை.
வால்வை மாற்றினேன்.
மூட்டு ஓரமெல்லாம் பசை தடவினேன்.
ஆயிரம் ரியூப்பில் ஓட்டை பிடித்த விரல்
இதில் குருடு.
வெயிலில் விம்மும். இரவில் தளரும்,
கடன் வாங்கினவன் கைகுலுக்குவது மாதிரி.

வத்சலா ஒருநாள் கல்குலேட்டர் எடுத்தாள்.
எஞ்சின் சேர்விஸ், பெற்றோல், பசை, தூண்டில்,
நெவிலின் பங்கு.
"போன வருசம் நாங்கள் தின்ற அறுக்குளா
கிலோ நாற்பத்தீராயிரம்" என்றாள்.
பிறகு, "ருசியாய்த்தான் இருந்தது."

அதிகாலை மூன்று மணி. மரைன் டிரைவ்,
காலிமுகம், துறைமுக மதில்,
முகத்துவாரத்தில் பிளாஸ்டிக் கதிரையோடு நெவில்.
முதல்நாளே சொல்லிவிட்டான்:
"இது படகில்லை முதலாளி, மெத்தை."
ஆனாலும் ஏறுவான்.

கடற்படைப் பொடியன் டோர்ச் அடிப்பான்.
எத்தனை குதிரை? நாற்பது.
அடையாள அட்டை.
பிறந்த இடம்: பருத்தித்துறை.
அந்த வரியில் வெளிச்சம் கொஞ்சம் நிற்கும்.
பிறகு என் முகம். பிறகு எஞ்சின்.
பிறகு திரும்பவும் முகம்.
நெவில் சிங்களத்தில் ஏதோ பகிடி விடுவான்,
பொடியன் சிரிப்பான்.
என் சிரிப்பு மட்டும் எப்போதும் பிந்தி வரும்.

பன்னிரண்டு மைலில் கொழும்பு சீப்புப் பல்லாகிறது.
அதற்கப்பால் பல்லும் இல்லை.
தாமரைக் கோபுரத்தின் மொட்டு கடைசியாகத் தாழும்.
அதற்குப் பிறகு எனக்கு யாரும் கடிதம் எழுத முடியாது.

போன சனிக்கிழமை தளப்பத்து கடித்தது.
முக்கால் மணி நேரம்.
முதுகுப் பாயை விரித்து, மடக்கி, திரும்பவும் விரித்து
பக்கத்தில் வந்தபோது பார்த்தேன்:
மூக்கு.
முழங்கை நீளத்துக்கு ஓர் ஊசி,
என் காற்றிலிருந்து ஒரு சாண் தள்ளி.
கொக்கியை ஓங்கியபடி நெவில் கத்தினான்:
"மீனா, மெத்தையா?"
சொந்தக்காரன் என்ற சொல்
அந்த நேரம்தான் அடிவயிற்றில் இறங்கியது.
நரம்பை அறுத்தேன்.

ஒரு மணித்தியாலம் நெவில் பேசவில்லை.
பிறகு ஒரு பாரை, இரண்டு சூரை.
பாரையை அவனிடம் கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டான். அப்போதும் பேசவில்லை.

வத்சலாவிடம், தப்பிவிட்டது என்றேன்.
பொய்யில்லை.
கேட்டுக்கொண்டே சூரையைக் கழுவினாள்.
"யார் தப்பினது?" என்றாள்.

இரவு கீழே இறங்கி
ஐந்தாவது அறையில் காதை வைத்தேன்.
ஒன்றும் இல்லை. எங்கோ தண்ணீர் மோட்டர் இரைகிறது.
விரலால் அமத்தினேன், குழி விழுந்தது.
மிதிபம்பை மாட்டினேன்.
வோச்சர் தயாசேன கதிரையை இழுத்துப் போட்டு
கேளாமலே சிங்களத்தில் எண்ணத் தொடங்கினான்.
வழக்கமாக நூற்றெழுபது மிதி.
இன்று இருநூற்றிப் பதினொன்று.
இன்னும் எண்ணுகிறான்.