சுமைகூலி

சட்பரிக்கு வடக்கே,
பெயர் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாத ஊர்.
ஒரு காலம் கடதாசி செய்து விற்ற ஊர்.
ஆலை மூடி ஆண்டுகள் ஆயிற்று.
இப்போது நகரசபையில்
தாள் ஒன்றுக்கு இருபது சதம் வாங்குகிறோம்.

வாங்குகிறவன் நான்.
ஆவணப் பிரிவு, இரண்டாம் மாடி, ஜன்னல் இல்லாத அறை.
கேட்டு எழுத ஐந்து டொலர்.
தேடினால் கால்மணிக்கு ஏழரை.
மறைக்க வேண்டியதை மறைக்கவும் கால்மணிக்கு ஏழரை.
கறுப்பு மை பூசும் கூலியை
அந்த வரியை வாசிக்க முடியாமற்போகிறவரே கட்டுகிறார்.

பெப்ரவரியில் டொரீன் லஷாப்பெல் எழுதினார்,
பென்சிலால், கோடு போட்ட தாளில்:
மேப்பிள் தெருக் குழாய்களில் எடுத்த நீர் மாதிரிகள்,
ஈயம் எவ்வளவு, எந்த ஆண்டு, எல்லாம்.
கீழே ஒரு வரி:
என் வீட்டில் பகலில் ஆறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன்.

மதிப்பீடு போட்டேன்.
நானூற்றுப் பன்னிரண்டு டொலர்.

சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.
சரி,
ஆனால் சுண்டைக்காயும் அவருடையதுதானே.
மாதிரி எடுத்த போத்தலுக்கும்
ஆய்வுகூடத்துக்கும் எழுதிய பேனாவுக்கும்
அவர் வீட்டு வரியில் ஏற்கெனவே எடுத்தாயிற்று.

பிரென்ட் என் மேலதிகாரி. கெட்டவர் அல்லர்.
"ஒருவர் அறிய விரும்பினால்
ஊர் முழுக்க ஏன் கட்ட வேண்டும்?
இந்தப் பணத்தில் பனிவாரிக்குப் புது அலகு வாங்கலாம்" என்பார்.
அவரை மறுக்க வாய் எடுக்கும்போதெல்லாம்
வெண்டல் ரோக்கின் முகம் வந்து நிற்கும்.
ஒரு பார்க்கிங் தண்டத்துக்காக
நாற்பத்து மூன்று விண்ணப்பம் போட்டவர்,
நான் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறேன் என்பது உட்பட.
அவருக்காக நட்ட முள்வேலியில்
டொரீனின் பாவாடை கிழிகிறது.
ரொறன்ரோவிலிருந்து கேட்ட சுரங்கக் கம்பனிக்கு
வேலி இருந்ததே தெரியாது.
தொள்ளாயிரம் பக்கம், அடுத்த நாளே காசோலை.
தொகையை யாரும் வாசித்திருக்கமாட்டார்கள்.

பதின்மூன்று மணித்தேடல் ஏன் என்று
ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.
நிலவறையில் ஒரு வசந்தத்தில் வெள்ளம் புகுந்தது.
அவசரத்தில் அறுபத்தொரு பெட்டிகளிலும்
ஒரே சொல்லை எழுதி அடுக்கினார்கள்: 'பல்வகை'.
எங்கள் ஒழுங்கீனத்தை
மணிக்கு முப்பது டொலராக விற்கிறோம்,
அதைச் செய்யாதவர்களுக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்.
எனக்கு அந்தப் பெட்டி தெரியும்.
வந்த முதற் குளிர்காலத்தில் ஹீட்டர் ஒன்று தேடிப்போய்
கொதிகலனுக்குப் பின்னால் கண்டேன்,
நீல மூடி, ஓரத்தில் எலி கடித்த தடம்.
மதிப்பீடு போட்ட அன்றும் தெரியும்.
படிவத்தில் தேடலுக்குக் கட்டம் இருக்கிறது,
தெரிந்திருப்பதற்கு இல்லை.

மூன்று நாள் தூங்காமல் இருந்தேன் என்றால் பொய்.
நன்றாகவே தூங்கினேன்.
நான்காம் நாள் கீழே போனேன். நான்கு நிமிடம்.
கால்மணியாகக் கூட்டி எழுதினேன், பதினான்கு தாள்,
பத்து டொலர் முப்பது சதம்.
பிரென்ட் பார்த்தார். கையெழுத்திட்டார்.
"அடுத்தவருடைய பெட்டி எங்கே என்றும்
தெரியுமா உனக்கு?" என்றார்.
தெரியாது.

டொரீன் சில்லறையாகக் கொண்டு வந்தார்,
ஈரக் கையுறைக்குள்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றே
பதினான்கு தாளும் படித்தார். ரசீது கேட்டார்.
பிறகு, மெதுவாக:
"நீங்கள் எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள்?"

என் மேசையில் கடைப் போத்தல்.
விரலால் அதன் பெயர்ச்சீட்டைச்
சுவர்ப்பக்கம் திருப்பினேன்.

மறைத்ததற்குக் கூலி கேட்கவில்லை.