படியில்லாத வீடு

மந்திகை ஆசுப்பத்திரி. வியாழக்கிழமைக் கிளினிக்.
அறுபத்தோராம் துண்டு.
ரெண்டுபேருக்கும் சீனி. வெறுவயித்தோடை ரத்தம் குடுத்துப்போட்டு
நானும் இவரும் ஒரே வாங்கிலை,
நடுவிலை பாண் பை.

இவருக்கு நெஞ்சுக்கை கம்பிச்சுருள் வைச்சு ஒன்பது மாசம்.
அண்டையிலையிருந்து இவர் ஹோலுக்கை, நான் அறையுக்கை.
"இஞ்சைதான் காத்து" எண்டார்.
ஆடியிலை ஒரு ஃபான் வாங்கி அறையுக்கும் பூட்டினன்.
அது சுத்துது. நான் பாத்துக்கொண்டு கிடக்கிறன்.

இவரை ஈசிஜி எடுக்க அனுப்பிப்போட்டு
டொக்டர் பிள்ளை பேனையை மூடினா.
எங்கடை சின்னவளின்ரை வயசிருக்கும்.
"அம்மா, நீங்கள் ரெண்டுபேரும் எப்பிடி?"
"இருக்கிறம்."
"அதில்லை. சேர்ந்து இருக்கிறனீங்களோ?"

காதுமடல் சுட்டுது.
வாயிலை வந்தது வேறை:
"பிறசர் குளிசை மாத்தினாப் பிறகு
அவருக்குக் கணுக்கால் வீங்குது, பிள்ளை."
எழுதினா. எழுதிப்போட்டு
என்னையே பாத்துக்கொண்டிருந்தா.
அறுபத்திரண்டைக் கூப்பிடேல்லை, பாருங்கோ,
அதுதான் என்னை விழுத்தினது.

"இடையிலை நெஞ்சு நிண்டுபோமெண்டு அவருக்குப் பயம்" எண்டன்.
"எனக்கு…"
முப்பத்தெட்டு வரியம் பக்கத்திலை கிடந்த மனுசனுக்கே சொல்லாததை
ஒரு சின்னப்பெட்டைக்கு முன்னாலை:
"காய்ஞ்சுபோச்சு. நோகுது.
அவர் வராததும் நல்லதெண்டு நினைக்கிறனான்.
நினைச்சுப்போட்டு அழுறனான்."

அவ சிரிக்கேல்லை.
பூசுற மருந்து இருக்கெண்டா, விலையும் சொன்னா.
நாக்குக்குக் கீழை குளிசை வைக்கிறவர்
கடையிலை கேட்டு வேறையொண்டும்
வாங்கிப் போடப்படாதெண்டா.
பிறகு, "ரெண்டு மாடி
மூச்சு வாங்காமல் ஏறுவாரோ?"

"எங்கடை வீட்டிலை படியில்லைப் பிள்ளை."
யோசிச்சன்.
"தண்ணிடாங்கி கழுவ ஏறுறவர்.
போன கிழமையும் ஏறி இறங்கித்
தேத்தண்ணி கேட்டவர்."
"அப்ப நெஞ்சு தாங்கும், அம்மா. அவரோடையும் கதைக்கிறன்."

திரைக்கு அங்காலை பரிமளகாந்தி ரீச்சர் இருமினா.
இருமட்டும்.
அவவுக்கும் எழுபது. அவவையும் ஆரும் கேக்கட்டும்.

நெல்லியடி தாண்டேக்கை, பஸ்சுக்கை,
பாண் பையை நடுவிலையிருந்து தூக்கி மடியிலை வைச்சன்.
இவர் கொஞ்சம் அரக்கி இருந்தார்.
"அடுத்தமுறை ரெண்டுபேரையும் ஒண்டா வரட்டாம். என்னவாம்?"
"டாங்கி கழுவுறதைப் பற்றி."
"அது போன கிழமைதானே கழுவினனான்!"