வீடு பூட்டியிருந்தது

ஞாயிற்றுக்கிழமை நான் டீச்சர்.
செவ்வாய்க்கிழமை மேடம்.
இரண்டுக்கும் ஒரே கைப்பைதான்:
வெளியறையில் வருகைப் பதிவேடு, ஸ்டிக்கர் நட்சத்திரங்கள்;
ஜிப் போட்ட உள்ளறையில் தவணை அட்டைகள்.

செல்லூரில், குலமங்கலம் ரோட்டுக்கு உள்ளே தள்ளி,
ஆலயத்தின் பின்பக்கத் தகரக் கொட்டகையில்
இருபத்துமூன்று பிள்ளைகள்.
அச்சடித்த புத்தகத்துப் பாட்டெல்லாம்
அவர்கள் வாயில் ஒட்டவில்லை என்று
ஒரு சனிக்கிழமை ராத்திரி
கிரைண்டர் சுற்றுகிற தாளத்தில்
நானே ஒன்று கட்டினேன்:

    கணக்கு நோட்டை எடுத்தாரு
    கடனைப் பூராம் பார்த்தாரு
    கிழிச்சுப் போட்டாரு இயேசப்பா
    டர்ரு டர்ரு டர்ரு!

டர்ருக்கு இரண்டு கையாலும் காற்றைக் கிழிக்கணும்.
இரண்டாம் சரணத்தில்
எனக்குத் தப்பு செய்தவன் கணக்கை நான் கிழிக்கிறேன்.
கீபோர்டில் ஆசீர் ஒற்றை விரலால்
சுதியைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள்
பிள்ளைகள் கிழித்து முடித்திருப்பார்கள்.
எல்லாரையும் விட அகலமாய்க் கிழிக்கிறவள் பெர்சியாள்.
இரண்டாம் வகுப்பு.
முன்பல் விழுந்த வாயில்
இயேசப்பா இயேத்தப்பா ஆவார்.

செவ்வாயன்று வேறொரு சேர்ந்திசை.
பத்துப் பெண்கள் எழுந்து கை நீட்டிச் சொல்வார்கள்:
தவணை தவற மாட்டோம்,
ஒருத்தி தவறினால் மற்றவர் கட்டுவோம்.
அதற்கும் நான்தான் அடியெடுத்துக் கொடுக்கிறது.
அங்கே யாருக்கும் சுதி பிசகாது.

நைட்டிக்கு ஓரம் அடிக்கிற எப்சிபா
மூன்று வாரமாய் வரவில்லை.
மிஷின் மோட்டார் புகைந்துவிட்டதாம்.
ஒன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள்,
அப்புறம் அவரவர் பர்ஸைப் பார்த்தார்கள்.
ஒருத்தி சொன்னாள்,
"உங்க கோயில் ஆளுதானே மேடம், நீங்களே கேளுங்க."

நாலாவது செவ்வாய் மாடிப்படி ஏறினேன்.
பக்கத்துச் சந்தில் தறிகள் துண்டு நெய்துகொண்டிருந்தன.
மூச்சை அடக்குகிற வீடுகள் எனக்குப் பழக்கம்.
டிவி பாதி வசனத்தில் அறுந்து நிற்கும்.
குக்கர் மட்டும் விஷயம் தெரியாமல் விசிலடிக்கும்.
தட்டினேன்.
"எப்சிபாக்கா, நான்தான்."
எந்த நான் என்று
உள்ளே யோசித்திருக்க வேண்டும்.

"அம்மா, நம்ம டீச்சரும்மா!"
ஒரு கை அந்த வாயைப் பொத்தியது.
பொத்திய விரல்களின் சந்து வழியே
மெல்ல, ரொம்ப மெல்லப் பாட்டு வந்தது.
கணக்கு நோட்டு. கடன் பூராவும். இயேத்தப்பா.
இவ்வளவு சின்னக் குரலில் பாட
நான் யாருக்கும் சொல்லித்தந்ததில்லை.
கடைசி அடிக்கு முன்னால் நிறுத்திவிட்டாள்.
கிழிக்கிற இடத்தை
எனக்கென்று விட்டுவைத்தாற்போல.

நான் கிழித்தேன் என்று எழுத ஆசைதான்.
அட்டை கம்பெனியுடையது.
கணக்கோ எந்த ஊரிலோ ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிறது,
அதைக் கிழிக்கக் கை போதாது.
என் சம்பளத்தில் கட்டலாம்;
ஒருத்திக்குக் கட்டியிருக்கிறேன்,
மறுவாரமே நாலு பேர் வாசலில் நின்றார்கள்.

வசூல் ஆகாததற்குக் காரணம் கேட்டது மொபைல்.
'வீடு பூட்டியிருந்தது' என்பதைத் தொட்டேன்.
கதவுக்கடியில் இருந்த இடைவெளியில்
பத்துக் குட்டிக் கால்விரல்கள் தெரிந்தன.
ஒரு வாரம்.
அவ்வளவுதான் என் கையிருப்பு இரக்கம்.

இந்த ஞாயிறு பாடம்: பொய் சொல்லாதிருத்தல்.
அதற்கும் ஒரு பாட்டு வேண்டும்.
சனி ராத்திரி பூராவும் கிரைண்டர் ஓடியது,
மாவு பொங்கியது,
ஒரு அடியும் வரவில்லை.
காலையில் பழைய பாட்டையே பாடச் சொன்னேன்.

பெர்சியாளும் பாடினாள்.
டர்ரு வந்தபோது
தன் கைகளைக் கட்டிக்கொண்டு
என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.