கதவடித் தாள்

பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைத்துக்
கூலியாளிடம் கொடுத்துவிடாதீர்கள்.
ஒந்தீனா கொடுத்தாள்.
திரியெஸ்தே துறைமுகத்தில், காற்று தொப்பியைப் பிடுங்க,
நானூறு கறுப்புப் பெட்டிகளுக்கிடையே
தன் பச்சை ரிப்பனைத் தேடினாள்.

பந்திக்கு முந்துங்கள்,
எட்டரைக்கு மேல் நண்டு இருக்காது.
ரொட்டி இலவசம்.
பக்கத்திலேயே நிற்கும் தண்ணீர்ப் புட்டி அப்படியல்ல.
ஒயின் சுண்டைக்காய் என்றால்
சேவைக் கட்டணம் சுமைகூலி.
இதெல்லாம் லீவியோவுக்குத் தெரியும்,
காப்பிக்கும் நோட்டில் கோடு போடுகிற மனிதர்.

கடைசி நாள் விடியலில்
கதவடியில் ஒரு தாள் நுழையும்.
வரிவரியாகப் படியுங்கள்.
ஒந்தீனா படித்தாள்.
இரவு அங்கியோடு என் மேசைக்கு வந்தாள்.

"நடன வகுப்பு, இருவர், நான்கு நாள்,
தொண்ணூற்றாறு யூரோ.
டிக்கெட்டிலேயே சேர்த்தி என்று
என் வீட்டுக்காரர் சொன்னாரே?"

திரையை அவள் பக்கம் திருப்பினேன்.
நான்கு சீட்டு. நான்கிலும்
லீவியோவின் கோணல் கையெழுத்து.

புகார் எழுதிக்கொள்ளவா, என்றேன்.
கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள்.
வேண்டாம் என்றாள்.

தண்ணீர்ப் புட்டிக்கு மட்டும்
கால் மணி நேரம் சண்டை போட்டாள்.