நூற்றெண்பது பாகை

நாந்தி வானிலை அலுவலகம், இரவு மூன்றேகால்.
அசெனதா புயலின் தடத்தை வரைந்து பார்க்கிறாள்.
தவேயுனித் தீவுவரை ஒழுங்காக வந்த கோடு
அங்கே திடுக்கிட்டு
ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, பிரேசில் எல்லாம் ஒரே இழுப்பில் தாண்டி
படத்தின் மறு ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது.
தீவு இரண்டு துண்டு. கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று,
நடுவில் உலகம்.

படத்தின் மையத்தை மாற்றினாள். தீவு சேர்ந்தது.
அடியில் எண்கள்தான் பிடிவாதம்:
178, 179, 180, 181.

நூற்றெண்பத்தொன்றா?
அப்படியோர் இடத்தில் யார் இருக்கிறார்கள்?
அவள் தம்பி விலிகேசா இருக்கிறான்,
லோமலோமாவில், தகரக் கூரைமேல்
மணல்மூட்டை அடுக்கிக்கொண்டு.

நிரலில் மூன்று வரி சேர்த்தாள்.
தாண்டினால் முந்நூற்றறுபதிலிருந்து கழி, மேற்கு என்று எழுது.
தாண்டாவிட்டால் கிழக்கு.
சரியாக நூற்றெண்பதில் நின்றால்?

விரல் விசைமேல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது.
திசை வேண்டாம்.
எண்ணும், அதன் தோளில் ஒரு பொடி வட்டமும் போதும்.
அந்த வட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்:
புயலின் கண்.
பழைய அளவுக்கே குறைத்துவிட்டாள்.

படம் நாலு மணிக்கு எல்லாத் தீவுகளுக்கும் போனது.
இப்போது எவருக்கும் புரியும், 179 மேற்கு எதுவென்று.
அங்கே தொலைபேசி
அடித்துக்கொண்டே இருக்கிறது.