நில், யாரங்கே

கடிதம்தான் முதலில் வந்தது.
காலைச் சாப்பாட்டு இடைவேளையில் மில்லிலிருந்து ஓடிவந்தபோது
தேநீர்க் கெண்டியில் சாய்த்து வைத்திருந்தாள் அம்மா.
பென்சில் எழுத்து. மூலையில் ஜாம் கறை.

"இங்கே ஜெர்மானியர் எவருமில்லை, அக்கா.
ஒரு சுரங்கம், இரட்டைத் தண்டவாளம், நிறைய மழை.
பூட்ஸ் ஒரு அளவு பெரிது.
காலுறை பின்னி அனுப்பு, சாம்பல் நிறமே போதும்.
நேற்றிரவு புதரில் ஏதோ அசைந்தது.
துப்பாக்கியை நீட்டி, விதிப்படி மூன்று தரம் கத்தினேன்:
நில், யாரங்கே.
பதிலே இல்லை.
விளக்கைத் தூக்கிப் பார்த்தால் ஒரு செம்மறி,
என்னைப் பார்த்து வாயை அசைத்துக்கொண்டு."

போர் தொடங்கிப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது.
சிரித்துக்கொண்டே தறிக்குத் திரும்பினேன்.

முந்நூறு தறி ஓடும் கூடத்தில் குரல் எடுபடாது.
உதடுகளைப் படிப்போம் நாங்கள்.
கல்யாணப் பேச்சு, கடன்,
யார் புருஷன் எத்தனை மணிக்குக் குடித்துவிட்டு வந்தான்,
எல்லாமே வாயசைவில்.

பத்து மணிக்கு மேற்பார்வையாளர் கிளெக் எதிரே வந்து நின்றார்.
தொப்பியைக் கழற்றினார்.
"ஹெட்லி" என்றன உதடுகள்.
அடுத்து வந்ததை நான் படிக்கவில்லை.
இன்னொரு தரம் சொன்னார், மெதுவாக,
செவிடனுக்குச் சொல்வதுபோல.

இரவு இரண்டு ஐந்து. கெல்பெக் சுரங்க வாயில். வடக்கே போகும் அஞ்சல் வண்டி.
கடிதமும் அதிலேதான் வந்திருக்கும் என்று
சொல்ல ஆரம்பித்த தபால்காரர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சத்திரத்தின் பின்னறையில் விசாரணை.
பீர் வாடை. நடுவர்களில் ஒருவருக்கு ஓயாத இருமல்.
"ஒன்றும் தட்டுப்படவில்லை ஐயா," என்றார் ஓட்டுநர்.
"சுரங்கத்துக்கு முன்னால் நீளமாக ஊதினேன்.
பள்ளத்தாக்கில் தூங்குகிறவர்களெல்லாம் எழுந்திருப்பார்கள்."
தொப்பியின் விளிம்பைத் திருகிக்கொண்டே இருந்தார்,
அவருக்கும் ஹெட்லி வயதில் ஒருவன் இருந்தானோ என்னவோ.

என் பக்கம் திரும்பினார் அதிகாரி.
உங்கள் தம்பிக்கு உடம்பில் குறை ஏதும்?
"இல்லை, ஐயா."

பன்னிரண்டு வயதில் தறிக்கூடத்துக்கு வந்தவன்.
ஏழு வருஷம்.
முதுகு காட்டி உட்கார்ந்திருந்தால்
அம்மா எத்தனை கூப்பிட்டாலும் திரும்பமாட்டான்;
திமிர் என்பாள்.
படை மருத்துவர் பல்லைப் பார்த்தார், பாதத்தைப் பார்த்தார்,
மார்பை அளந்தார், கேள்விகள் கேட்டார்.
பெரிய ஜன்னல், நல்ல வெயில், மீசையில்லாத மருத்துவர்.
ஒன்று விடாமல் பதில் சொல்லிவிட்டான் ஹெட்லி.
வீட்டுக்கு வந்து எனக்கு நடித்துக்காட்டினான்.
வயிறு வலிக்கச் சிரித்தேன்.

சொல்லியிருக்கலாம்.
சொன்னால், ஏமாற்றிச் சேர்ந்தவன் என்று எழுதுவார்கள்.
அம்மாவுக்குப் பணம் வராது.
இருட்டுக்கு உதடு கிடையாது என்று
இருமுகிற அந்த ஆளுக்கு எப்படிப் புரியவைப்பது?

விபத்து என்று எழுதினார்கள்.

ஒரு காலுறை குதிகால்வரை வந்திருந்தது. அதோடு நின்றது.

சதுக்கத்துக் கல்லில் அவன் பெயரும் இருக்கிறது, ஊர் பெயர் இல்லாமல்.
கேட்டவர்களிடம் பிரான்ஸ் என்று சொல்லியே அம்மா போய்ச்சேர்ந்தாள்.
நான் திருத்தியதில்லை.

எனக்கும் இப்போது காது இல்லை.
ஞாயிற்றுக்கிழமைகளில் மேட்டுப்பாதையில் போகும்போது
கல்சுவரின் மறுபுறம் நின்று
ஏதாவது ஒரு செம்மறி என்னைப் பார்த்து வாயை அசைக்கும்.
மெல்லுகிறதா, கத்துகிறதா?
நின்று பார்ப்பேன்,
மழை பிடித்துக்கொள்ளும்வரை.